உள்கூட்டில் ஒரு காலியிடம்

அணுவும் ஒளியும் – பகுதி 8

ஆர்கான் அணுவில் 18 எலக்ட்ரான்கள் உண்டு. அணுக்கருவை ஒட்டிய கே கூட்டில் 2, அதற்கடுத்த எல் கூட்டில் 8, வெளிப்புறத்து எம் கூட்டில் 8. வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 16 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். எல் கூட்டில் கைவைக்க ஏறத்தாழ 250 வேண்டும். கே கூட்டுக்கோ 3,206 வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு துகளின் கையிருப்பு 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆர்கானின் வாசல்படியைக்கூட அது தாண்டாது. எக்ஸ் கதிரின் ஒளித்துகள் ஆயிரக்கணக்கில் கொண்டு வருகிறது.

அப்படி வரும் துகள் வாசலில் நிற்கும் எம் எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. நேரே உள்ளறைக்குப் போய், மிக இறுக்கமாகக் கட்டுண்டிருக்கும் கே எலக்ட்ரானைத்தான் பிடுங்கி எறிகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. தனித்து நிற்கும் எலக்ட்ரானால் ஓர் ஒளித்துகளை முழுதாக விழுங்க முடியாது. உந்தக் கணக்கு நேராகாது. உந்தத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ள அணுக்கரு பக்கத்தில் இருக்க வேண்டும். கருவோடு எவ்வளவு நெருக்கமோ, விழுங்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எறியப்பட்ட எலக்ட்ரான் எங்கே போனது, என்ன வேகத்தில் போனது என்பதை முந்தைய பகுதிகள் சொல்லிவிட்டன. அது போன பிறகு அணுவின் அடியாழத்தில் விழுந்த காலியிடம் என்ன ஆனது என்பதுதான் இப்போதைய கேள்வி. அதற்கான விடை 1922க்கும் 1927க்கும் இடையே மூன்று நகரங்களில் துண்டு துண்டாகக் கிடைத்தது.

இதுவரை

1887இல் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ், புற ஊதா ஒளி பட்டால் மின்பொறி எளிதாகத் தாவுவதைக் கண்டார். ஒளியைக் கூட்டினால் வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுமே தவிர வேகம் கூடாது என்று 1902இல் ஃபிலிப் லெனார்ட் காட்டினார். 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியைப் பொட்டலங்களாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நம்பாத ராபர்ட் மில்லிகனே, ஆண்டுக்கணக்கில் அளந்து 1916இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரி என்று எழுத வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம் சார்லஸ் பார்க்லா, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை உமிழ்வதைக் கண்டு அவற்றுக்கு கே, எல் என்று பெயரிட்டார். 1913இல் ஹென்றி மோஸ்லி அந்தக் கதிர்களின் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை அணு எண்ணோடு ஒரே கோட்டில் கட்டினார். இரண்டே ஆண்டில், 1915 ஆகஸ்ட் 10 அன்று, கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் அவர் கொல்லப்பட்டதோடு சென்ற பகுதி முடிந்தது.

மோஸ்லி அளந்த அந்தக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை 1914இல் வால்தர் கோசல் என்ற ஜெர்மானியர் விளக்கியிருந்தார். கே கூட்டில் ஓர் இடம் காலியானால், எல் கூட்டு எலக்ட்ரான் ஒன்று அதில் இறங்கி விழும். இரண்டு கூடுகளின் ஆற்றல் வேறுபாடு ஓர் எக்ஸ் கதிராக வெளியேறும்.

அழகான விளக்கம். எளிமையானது, அளவுகளோடு பொருந்தியது. அந்த எளிமையாலேயே ஓர் ஊகம் கேள்வியில்லாமல் ஒட்டிக்கொண்டது: ஒரு காலியிடத்துக்கு ஓர் எக்ஸ் கதிர்.

பெர்லின், 1922

பெர்லின் நகரின் டாலம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில் லீசே மைட்னர் வேலை செய்துகொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்தவர், 1906இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றவர். 1907இல் பெர்லினுக்கு வந்தபோது, எமில் ஃபிஷரின் வேதியியல் நிறுவனத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த கீழ்த்தள அறை ஒன்றில் மட்டும் அவர் வேலை செய்யலாம் என்றார்கள். அந்த அறையில்தான் ஓட்டோ ஹானோடு சேர்ந்து கதிரியக்க ஆய்வைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுக்கும் பணி செய்தார். 1922இல்தான் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்தும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 43.

அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த கேள்வி எக்ஸ் கதிரைப் பற்றியதே அல்ல. பீட்டா கதிர்களைப் பற்றியது.

கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வளைத்து ஒளிப்படத் தட்டில் விழச் செய்தால், வேகத்துக்கேற்ப அவை வெவ்வேறு இடத்தில் விழும். தட்டைக் கழுவிப் பார்த்தால், மங்கலான ஒரு பரப்பின் மேல் கூர்மையான சில கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் யாருடையவை? அணுக்கருவிலிருந்து நேரே வந்த எலக்ட்ரான்களா? கருவிலிருந்து கிளம்பிய காமா கதிர், போகிற வழியில் அதே அணுவின் கூடுகளிலிருந்து தட்டிவிட்டவையா?

கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிஸ் என்ற இளைஞர் இரண்டாவது விடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மைட்னருக்கும் அவருக்கும் இதில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கருவிலிருந்து வரும் முதல் எலக்ட்ரானுக்கு ஒரே குறிப்பிட்ட வேகம்தான் இருக்க வேண்டும் என்பது மைட்னரின் பிடிவாதம். அந்தப் பெரிய வாதத்தில் அவர் தோற்றார். தோல்வியைப் பின்னால் தன் அளவீட்டாலேயே உறுதிசெய்தார். அந்தக் கதை வேறு.

இங்கே முக்கியம், வாதத்தின் நடுவே அவர் போட்ட ஒரு சிறு கணக்கு. 1922, 1923 ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில், தட்டில் விழுந்த கோடுகள் ஒவ்வொன்றின் ஆற்றலையும் கூடுகளின் பிணைப்பு ஆற்றலோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். யுரேனியம் எக்ஸ் 1 என்று அன்று அழைக்கப்பட்ட பொருளின் சில கோடுகளுக்கு ஒரே ஒரு விளக்கம் பொருந்தியது. கே கூட்டின் காலியிடம் நிரம்பும்போது கிடைக்கும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளியேறவில்லை. அதே அணுவின் எல், எம், என் கூடுகளிலிருந்து இன்னோர் எலக்ட்ரானை அது வெளியே தள்ளிவிட்டது.

கதிர் இல்லாமலே ஓர் இறக்கம். மைட்னர் அதை எழுதிவைத்தார். அவருடைய அக்கறை அணுக்கருவின் மேல் இருந்ததால், அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பீட்டா கதிர் பற்றிய கட்டுரைகளை எக்ஸ் கதிர்க்காரர்கள் தேடிப் படிப்பதும் அரிது.

பாரிஸ், 1923

அதே காலத்தில் பாரிஸில், சோர்போன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவரின் மகன் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்தார். பெயர் பியர் ஓஷே. ஆங்கில நூல் வழியே இந்தப் பெயரைச் சந்தித்தவர்கள் ‘ஆகர்’ என்று படிப்பதுண்டு. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஓஷே. 1899இல் பிறந்தவர். அணுக்கள் மெய்யானவை என்பதைச் சோதனையால் நிறுவிய ழான் பெரெனின் ஆய்வகத்தில் அவர் இருந்தார்.

ஓஷேயின் கையில் இருந்த கருவி முகில் அறை. ஸ்காட்லாந்துக்காரரான சி. டி. ஆர். வில்சன், பென் நெவிஸ் மலை உச்சியில் மேகங்களைப் பார்த்து மயங்கி, அவற்றைக் கண்ணாடிக்குள் உண்டாக்கப் போய்ச் செய்த கருவி அது. 1911இல் தனித் துகள்களின் பாதையை அதில் காட்டினார்.

வேலை செய்யும் விதம் எளிது. கண்ணாடி உருளைக்குள் வாயுவும் நீராவியும் இருக்கும். அடியிலிருக்கும் உந்துதண்டைச் சட்டென்று இறக்கினால் வாயு விரிந்து குளிரும். ஆவி நீராக மாறத் துடிக்கும். ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். அந்த நேரத்தில் ஓர் எலக்ட்ரான் பாய்ந்து போயிருந்தால், வழியில் அது விட்டுச்சென்ற அயனிகளின் மேல் நீர் துளித்துளியாகப் படியும். ஒளி பாய்ச்சிப் படமெடுத்தால், எலக்ட்ரான் போன தடம் வெள்ளைக் கோலப்பொடி இழுத்தது போல விழுந்திருக்கும்.

எக்ஸ் கதிர் ஒரு வாயு அணுவிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றும் காட்சியை இப்படி நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஓஷேயின் எண்ணம். அதற்கு ஓர் இடைஞ்சல் இருந்தது. சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்பும் எலக்ட்ரான், சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் நின்றுவிடலாம். படத்தில் அது வெறும் புள்ளி. புள்ளியை வைத்துக்கொண்டு என்ன அளப்பது?

ஓஷே அறையை ஹைட்ரஜனால் நிரப்பினார். அதில் ஆர்கானைக் கொஞ்சம் மட்டும் கலந்தார்.

இந்த முடிவில்தான் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது; அதில் தடம் நீண்டு தெரியும். எக்ஸ் கதிரை ஹைட்ரஜன் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே படத்தில் தெரியும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஆர்கான் அணு ஒன்றுக்கு நேர்ந்தது என்று நம்பலாம். கூட்டத்தில் ஒருவரின் குரலைக் கேட்க முடியாது. காலி மைதானத்தில் கேட்கலாம்.

தட்டில் தெரிந்தவை

படங்களில் தடங்கள் விழுந்தன. ஒன்று ஒன்றாக விழும் என்று எதிர்பார்த்த இடத்தில், பல படங்களில் இரண்டு இரண்டாக விழுந்தன.

ஒரு நீளத் தடம். அது தொடங்கும் அதே புள்ளியிலிருந்து ஒரு குட்டைத் தடம். ஒரே மேட்டில் ஊறி இரு பக்கம் இறங்கும் இரண்டு ஓடைகள் போல.

நீளமானது எது என்பதில் குழப்பம் இல்லை. எக்ஸ் கதிர் வெளியேற்றிய எலக்ட்ரான் அது. குட்டையானது யாருடையது? தற்செயலாக இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே இடத்தில் நடந்துவிட்டனவா? ஒன்றிரண்டு படங்களில் அப்படி நேரலாம். படத்துக்குப் படம் நேராது.

ஓஷே எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கூட்டினார். நீளத் தடம் இன்னும் நீண்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்வது அதைத்தான்.

குட்டைத் தடம் அசையவில்லை.

மறுபடி கூட்டினார். நீளத் தடம் மறுபடி வளர்ந்தது. குட்டைத் தடம் அதே நீளத்தில் கிடந்தது. ஒளி எவ்வளவு கொண்டுவந்தாலும் இந்த இரண்டாவது எலக்ட்ரானுக்கு அதில் பங்கில்லை. அதன் ஆற்றல் வேறு கணக்கிலிருந்து வருகிறது.

திசையும் அதையே சொன்னது. நீளத் தடங்கள் பெரும்பாலும் எக்ஸ் கதிர் வரும் திசைக்குக் குறுக்காகக் கிளம்பின. வந்த ஒளியின் ஞாபகம் அவற்றில் இருந்தது. குட்டைத் தடங்கள் எந்தப் பக்கமும் சாய்வில்லாமல் எல்லாத் திசைகளிலும் போயின. எக்ஸ் கதிர் எங்கிருந்து வந்தது என்பதே அந்த எலக்ட்ரானுக்குத் தெரியாது.

அடுத்து ஓஷே வாயுவை மாற்றினார். ஆர்கானுக்குப் பதில் கிரிப்டான், பிறகு செனான். இப்போது இரண்டாவது தடம் அசைந்தது. அணு கனமானதாக ஆக, அதுவும் நீண்டது.

இதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் தடத்தின் நீளத்தை ஒளி தீர்மானிக்கிறது. இரண்டாவதன் நீளத்தை அணு தீர்மானிக்கிறது.

எலக்ட்ரான் வோல்ட் கணக்கு

ஆர்கானை வைத்தே கணக்கைப் பார்க்கலாம். 10,000 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட எக்ஸ் கதிர் கே எலக்ட்ரானைத் தாக்குகிறது. விடுதலைக்கு 3,206 செலவு. மிச்சம் 6,794; அதுதான் நீளத் தடம். கதிரின் ஆற்றல் 20,000 என்றால் மிச்சம் 16,794. தடம் பல மடங்கு நீளும்.

இரண்டு சந்தர்ப்பத்திலும் பின்னால் நிற்கும் ஆர்கான் அயனி ஒன்றுதான். கே கூட்டில் ஓர் ஓட்டை. வயிற்றுக்குள் 3,206 எலக்ட்ரான் வோல்ட். வந்த கதிர் பெரியதா சிறியதா என்பதற்கான எந்த அடையாளமும் அந்த அயனியில் இல்லை.

எல் கூட்டு எலக்ட்ரான் ஒன்று அந்த ஓட்டையில் இறங்குகிறது. கிடைப்பது ஏறத்தாழ 2,957. கோசல் சொன்னபடி இது எக்ஸ் கதிராகப் போகலாம். அல்லது எல் கூட்டின் இன்னோர் எலக்ட்ரானிடம் போகலாம். அந்த எலக்ட்ரான் தன் விடுதலைக்கான ஏறத்தாழ 250ஐயும், ஏற்கெனவே ஓர் எலக்ட்ரானை இழந்த அயனியின் கூடுதல் இழுப்புக்காக இன்னும் கொஞ்சத்தையும் கட்டிவிட்டு, ஏறத்தாழ 2,660 எலக்ட்ரான் வோல்ட்டோடு வெளியே பாய்கிறது.

அதுதான் குட்டைத் தடம். எக்ஸ் கதிர் 10,000 ஆனாலும் 20,000 ஆனாலும் அதே 2,660.

ஓஷேயின் சோதனை இன்னொரு சந்தேகத்தையும் சேர்த்தே தீர்த்தது. ஆர்கான் உமிழ்ந்த எக்ஸ் கதிர் பக்கத்து அணு ஒன்றில் பட்டு அந்த இரண்டாவது எலக்ட்ரானை எழுப்பியிருக்கக் கூடாதா? கூடாது. ஹைட்ரஜனில் அந்தக் கதிர் நெடுந்தூரம் போய்விடும். இரண்டாவது தடம் வேறோர் இடத்தில்தான் முளைக்கும். படங்களில் இரண்டும் ஒரே புள்ளியில் முளைத்திருந்தன. கொடுத்ததும் வாங்கியதும் ஒரே அணுவுக்குள்.

1923இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஓஷே முதல் குறிப்பை வெளியிட்டார். 1925இல் விரிவான கட்டுரை. அதில் இந்த நிகழ்ச்சிக்கு அவர் கொடுத்த பெயர் ‘கூட்டு ஒளிமின் விளைவு’. 1926இல் ஆய்வேடு முடிந்தது.

எல்லாப் படங்களிலும் இரட்டைத் தடம் இல்லை

ஒற்றைத் தடத்தோடு நின்ற படங்களும் இருந்தன. அவற்றைக் கழிவென்று ஒதுக்காமல் ஓஷே எண்ணினார். இந்த எண்ணிக்கை இரட்டைத் தடத்தைக் கண்டதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஒற்றைத் தடம் என்றால், அந்த அணு தன் மிச்ச ஆற்றலை எக்ஸ் கதிராக அனுப்பிவிட்டது என்று பொருள். எக்ஸ் கதிர் முகிலில் தடம் விடாது. ஆகவே இரட்டையையும் ஒற்றையையும் எண்ணினாலே, நூறு காலியிடங்களில் எத்தனை கதிராகின்றன, எத்தனை எலக்ட்ரானாகின்றன என்பது தெரிந்துவிடும்.

ஆர்கானில் பெரும்பாலானவை இரட்டை. கிரிப்டானில் ஒற்றைகள் கூடின. செனானில் ஒற்றைகளே மிகுதி. இன்றைய அளவீட்டில், கே கூட்டில் விழும் நூறு காலியிடங்களுக்கு ஆர்கான் ஏறத்தாழ 12 எக்ஸ் கதிர்களைத்தான் தருகிறது. கிரிப்டான் ஏறத்தாழ 65, செனான் ஏறத்தாழ 89. தனிம அட்டவணையில் துத்தநாகத்தை ஒட்டிய இடத்தில் இரண்டும் சரிபாதியாகின்றன.

கோசலின் படம் கனமான அணுக்களுக்கு ஏறத்தாழ உண்மை. லேசான அணுக்களில் அது விதிவிலக்கு. உயிர்களின் உடலைக் கட்டியிருக்கும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றில் நூறு காலியிடங்களுக்கு ஓர் எக்ஸ் கதிர்கூட வருவதில்லை. தோலையும் தசையையும் எக்ஸ் கதிர் தாக்கும்போது இந்த அணுக்களின் உள்கூட்டில் விழும் ஓட்டைகள் அத்தனையும் எலக்ட்ரானை எறிந்தே தங்களை ஆற்றிக்கொள்கின்றன என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வழிகள் இருக்க, லேசான அணு ஒன்றையும் கனமான அணு மற்றொன்றையும் ஏன் பிடித்துக்கொள்கிறது? படங்களால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை.

லைப்சிக், 1927

அந்த விடை புதிய குவாண்டம் இயக்கவியலிலிருந்து வந்தது. ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் அதை வடித்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரெகோர் வென்ட்சல், கதிரற்ற தாவல்கள் பற்றி 1927இல் ஒரு கட்டுரை எழுதினார்.

அதுவரை மனத்தில் இருந்த சித்திரம் இரண்டு படிகள் கொண்டது. முதலில் அணு எக்ஸ் கதிரை உமிழ்கிறது. அந்தக் கதிர் வெளியேறும் வழியில் அதே அணுவின் வேறோர் எலக்ட்ரான் அதை விழுங்குகிறது. பெற்ற காசு வாசல் தாண்டுமுன் வீட்டுக்குள்ளேயே செலவாவது போல.

வென்ட்சலின் கணக்கில் இடையில் எந்தக் கதிரும் இல்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மின்விசையால் எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தள்ளுதலே போதும். ஒன்று கீழே இறங்கும் செயலும் மற்றொன்று மேலே எழும் செயலும் ஒரே நிகழ்ச்சி.

கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளலாம். துலாவின் ஒரு முனை தாழ்வதும் மறுமுனை உயர்வதும் இரண்டு வேலை அல்ல. அணுவுக்குள் மரத்துலா இல்லை. எலக்ட்ரான்களுக்கு இடையிலான மின்விலக்கமே துலா.

இது வார்த்தை அலங்காரம் இல்லை என்பதற்குக் கையில் சான்று உண்டு. எல் கூட்டின் உட்பிரிவுகளில் ஒன்றிலிருந்து கே கூட்டுக்கு இறங்கும்போது எக்ஸ் கதிர் உமிழ்வதை ஒளி விதிகள் அனுமதிப்பதில்லை. அங்கே கதிர் பிறக்கவே பிறக்காது. பிறக்காத கதிரை எந்த எலக்ட்ரானும் விழுங்க முடியாது. ஆனால் அந்த உட்பிரிவிலிருந்தும் இறக்கம் நடக்கிறது, எலக்ட்ரான் வெளியே வருகிறது. இடையில் கதிர் இருந்ததென்றால் இது நடக்கக் கூடாது.

லேசான அணு, கனமான அணு என்ற பாகுபாடும் இதே கணக்கில் விழுந்தது. எக்ஸ் கதிரை உமிழும் வேகம் அணு எண்ணின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறுகிறது. அணு எண் இரண்டு மடங்கானால் வேகம் 16 மடங்கு. எலக்ட்ரானை எறியும் வேகமோ அணு எண் மாறினாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இரண்டும் ஓடும் பந்தயத்தில் லேசான அணுவில் எலக்ட்ரான் முந்துகிறது. அணு எண் ஏற ஏறக் கதிர் எட்டிப் பிடித்து, பின் முந்திவிடுகிறது. துத்தநாகத்தை ஒட்டி இரண்டும் சமமாவது இதனால்தான்.

பந்தயம் முடிய ஆகும் நேரம் மனத்தில் பிடிபடாத அளவு சிறியது. ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் ஒரு ஃபெம்டோநொடி. ஆர்கானின் கே கூட்டில் விழுந்த காலியிடத்தின் ஆயுள் ஏறத்தாழ அவ்வளவே.

யார் பெயர்?

நிகழ்ச்சிக்கு ஓஷே விளைவு என்ற பெயர் நிலைத்தது. மைட்னரின் கட்டுரைகள் முன்னால் வந்திருந்தும், அந்தப் பெயரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஓஷேயின் பங்கைக் குறைத்துச் சொல்வது தவறு. மைட்னர் ஒரு வாதத்துக்கு நடுவே, கோடுகளின் ஆற்றலிலிருந்து அந்த இறக்கத்தை ஊகித்து எழுதினார். ஓஷே அதைத் தனியாகப் பிரித்து, அணு அணுவாகக் காட்டி, எண்ணி, கனமான வாயுக்கள் வரை தொடர்ந்து போனார். மைட்னரைப் படித்து அவர் செய்ததாகவும் தெரியவில்லை. இருவரும் தனித்தனி வாசல் வழியே ஒரே அறைக்குள் வந்தவர்கள். அப்படியிருக்க ஒருவர் பெயர் மட்டும் நிலைப்பதில் நியாயம் இல்லை.

மைட்னரின் வாழ்க்கையில் இது ஒருமுறை நடந்து ஓய்ந்துவிடவில்லை. 1938 ஜூலையில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் ஜெர்மனியை விட்டுத் தப்பியோட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் ஸ்வீடனில் இருந்தபடி, சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷோடு சேர்ந்து அணுக்கருப் பிளவுக்கு விளக்கம் கண்டார். அந்தக் கண்டுபிடிப்புக்கான 1944ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. 2019இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில், இனி இதை ஓஷே–மைட்னர் விளைவு என்றே அழைக்கலாம் என்ற முன்மொழிவு வந்தது. இப்போது ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்க்க முடிகிறது. இந்தத் தொடரும் இனி அப்படியே அழைக்கும்.

இரண்டு ஓட்டைகள்

வென்ட்சலின் கணக்கோடு எல்லாம் அடங்கிவிடவில்லை.

ஆர்கானின் கே கூட்டு ஓட்டை அடைபட்டுவிட்டது. அடைத்த எலக்ட்ரான் எல் கூட்டிலிருந்து வந்தது. எறியப்பட்டதும் எல் கூட்டிலிருந்து போனது. உள்ளே ஒன்றாக இருந்த ஓட்டை, மேலே இரண்டாகிவிட்டது.

அந்த இரண்டையும் எம் கூட்டு எலக்ட்ரான்கள் வந்து அடைக்க வேண்டும். அப்போதும் ஆற்றல் மிஞ்சும். அதுவும் எம் கூட்டிலிருந்து வேறு எலக்ட்ரான்களை வெளியே தள்ளும். ஒரே ஓர் ஒளித்துகள் பட்ட ஆர்கான் அணு, எல்லாம் ஓயும்போது நான்கு எலக்ட்ரான்களை இழந்து நிற்பது சாதாரணம். கனமான வாயுக்களில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டுக்கும் மேற்பட்ட தடங்கள் கிளம்புவதை ஓஷேயே தன் படங்களில் கண்டார். கூடு கூடாக ஓட்டைகள் மேலேறி, கடைசியில் எல்லாம் வெளிக்கூட்டில் வந்து சேர்கின்றன.

ஆர்கான் தனியாக வாழும் அணு. வெளிக்கூட்டை இழந்தாலும் அது ஆர்கானாகவே இருக்கும். சிறிது நேரத்தில் அக்கம்பக்கத்து எலக்ட்ரான்களைப் பிடித்துத் தேறிக்கொள்ளும்.

மீதைல் அயோடைடு போன்ற ஒரு மூலக்கூறில் நிலைமை வேறு. ஓர் அயோடின் அணு, அதைப் பற்றிக்கொண்டு ஒரு கார்பன், கார்பனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன். இந்த ஐந்து அணுக்களையும் சேர்த்துக் கட்டியிருப்பது அவற்றின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்தாம். அயோடினின் அணு எண் 53. எக்ஸ் கதிரில் பெரும்பங்கை உறிஞ்சுவது அதுவே. உள்கூட்டில் ஓட்டை விழப்போவதும் அதில்தான். அந்த ஓட்டை கூடு கூடாகப் பெருகி மேலேறி வந்தால், இறுதியில் அது தின்னப்போவது பிணைப்பைத் தாங்கும் எலக்ட்ரான்களை.

அயோடின் தன் பற்றாக்குறையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமா, அல்லது ஒளி தொடவே தொடாத கார்பனிடமிருந்தும் ஹைட்ரஜனிடமிருந்தும் எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்ளுமா? அப்படி இழுத்துக்கொண்டால் ஐந்து அணுக்களும் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கத் தொடங்கும். அவை சிதறிப் பறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் எத்தனை எலக்ட்ரான்கள் பறிபோயிருக்கும்?

(தொடரும்)